மும்பையில் அவள், நெல்லையில் அவன்: தொலைதூரக் காதல் நகைச்சுவைக் குறும்படம் எடுக்க முழு வழிகாட்டி

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், மாட்டுங்கா, டோம்பிவிலி என மும்பைத் தமிழர்கள் நிறைந்த பகுதிகளில் குறும்படம் எடுக்கும் ஆசையோடு இருப்பவர்கள் நிறைய. அவர்களில் பலர் கையில் எடுக்கும் கதை இதுதான்: ஒருவர் இங்கே, இன்னொருவர் ஊரில், நடுவில் ஒரு போன். எழுதும்போது எளிதாகத் தெரியும். எடிட்டிங் மேசைக்கு வரும்போது 30 நிமிடமும் இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே இருக்கும். அப்படி ஆகாமல் எழுதவும் எடுக்கவும் இந்த வழிகாட்டி.

அளவு இதுதான்: 30 நிமிடப் படம், ஏறக்குறைய 30 பக்கத் திரைக்கதை, 8 பேர் கொண்ட குழு, மும்பையில் 4 நாள், திருநெல்வேலியில் 3 நாள் படப்பிடிப்பு. நாளைக்கு நான்கு, நான்கரைப் பக்கம் வரும். புதுக்குழுவால் தாங்கக்கூடிய வேகம் அதுவே.

படி 1: திரைக்கதைக்கு முன் நாட்காட்டி

தொலைதூரக் காதல் கதையில் சிரிப்பும் தவிப்பும் பிறப்பது நேரம் பொருந்தாததில். அவளுக்கு ஓய்வு கிடைக்கும்போது அவனுக்கு வேலை, அவன் ஓய்வாக இருக்கும்போது அவள் தூக்கத்தில். இதை மனதிலேயே வைத்துக்கொண்டு எழுதினால் ஐந்தாவது காட்சியில் குழம்பிவிடும். ஒரு சார்ட் அட்டை வாங்குங்கள். ஜூலை நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, அதாவது ஆடி முதல் பொங்கல் வரை 26 வாரக் கட்டம் போடுங்கள். அதில் நான்கு வரிசை: அவள் வேலை நேரம், அவன் வேலை நேரம், விடுமுறை கிடைக்கக்கூடிய நாட்கள், மழையும் பண்டிகையும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணக் கதையை வைத்துக்கொள்வோம். அவள் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஷிப்ட் வாரா வாரம் மாறும்: காலை 8 முதல் 2, மதியம் 2 முதல் 8, இரவு 8 முதல் காலை 8. அவன் திருநெல்வேலிப் பக்கம் மைக் செட் வைத்திருப்பவன். கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா), சடங்கு வீடு, கல்யாணம் என்று சாயங்காலமும் இரவும்தான் அவனுக்கு வேலை. வார்டில் அவளால் சத்தம் போட்டுப் பேச முடியாது. பந்தலில் அவனால் எதையும் கேட்க முடியாது. இந்த இரண்டு வேலைகளைச் சேர்த்து வைத்ததுமே பாதிக் காட்சிகள் தாமாக வந்துவிடும்.

நீங்கள் வேறு வேலைகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இருவரையும் ஐ.டி. கம்பெனியில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேசை, ஒரே மாதிரி ஹெட்போன் என்றால் கண்ணுக்கும் காதுக்கும் வேறுபாடு இருக்காது. யார் எந்த ஊரில் இருக்கிறார் என்று எழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டியதாகிவிடும்.

நாட்காட்டியை நிரப்பும்போது கதை எப்படி முளைக்கிறது பாருங்கள். ஆடியில் கொடை நெருக்கியடிக்கும், பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியை ஒட்டி. அந்த வாரம் அவளுக்கு மதிய ஷிப்ட் என்றால் பேசவே நேரம் இல்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, அவனுக்கு வருமானமும் குறைவு. ஆனால் கோயிலில் அதிகாலைப் பூஜைக்காக விடியும் முன்பே எழுந்து மைக் செட்டைத் தயார் செய்யப் போவான். அந்த மாதம் மட்டும் அவளுக்குத் தொடர்ந்து இரவு ஷிப்ட் கொடுங்கள், வார்டு அடங்கியிருக்கும் நேரம். ஆறு மாதத்தில் இருவர் நேரமும் ஒத்துப்போகிற ஒரே மாதம் அது. படத்தின் கனிவான பகுதியை மார்கழியில் வையுங்கள்.

மழை இன்னொரு வரம். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். அப்போது திருநெல்வேலி நகரில் காற்றும் வெயிலும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நெல்லைக்கு வரும்போது மும்பை காய்ந்துவிடும். ஜூலையில் குடைக்குள் நின்று அவள் வீடியோ கால் பேச, அவன் பின்னால் துணி மொடமொடவென்று காய்ந்துகொண்டிருக்கும். நவம்பரில் இதே காட்சியைத் தலைகீழாகக் காட்டினால் நான்கு மாதம் ஓடிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லாமலே புரியும்.

ரயில் விவரத்தைத் தப்பாக எழுதிவிடாதீர்கள். மும்பைத் தமிழர் பார்க்கும் படத்தில் அதுதான் முதலில் மாட்டிக்கொள்ளும். மும்பை சி.எஸ்.எம்.டி. – நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி வழியாகப் போகிறது, தினசரி வண்டி அல்ல, பயணம் ஒன்றரை நாளுக்குக் குறையாது. எனவே "சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு ஞாயிறு கிளம்பிவிட்டேன்" என்று வசனம் வந்தால் அவன் விமானத்தில் வந்திருக்க வேண்டும், அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கதை பதில் சொல்ல வேண்டும். முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120 நாட்கள். பொங்கலுக்கு மும்பை வந்து சேர ஜனவரி 12 அன்று ஏறுகிறான் என்றால் நவம்பர் 13 காலை 8 மணிக்கு அவன் போனும் கையுமாக இருக்க வேண்டும். தட்கல் முந்தைய நாள்: ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து வண்டி ஏற முடியாது. டி.டி.ஆரிடம் கெஞ்சி ஏறும் காட்சியை எழுதுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

படி 2: 30 நிமிடத்தைப் பிரித்தல்

முதல் 4 நிமிடத்தில் இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஊர்க் கொடைக்காகத் தாராவிக் குடும்பம் நெல்லைக்கு வந்திருக்கிறது, மைக் செட்காரனுக்கும் அவளுக்கும் ஒரு சண்டை, ஒரு சிரிப்பு. இந்த 4 நிமிடத்தில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை நாம் ரசித்தால்தான் மீதி 26 நிமிடத்தில் அந்தப் பக்கம் காலியாக இருப்பது உறைக்கும். போனிலேயே அறிமுகமாகிப் போனிலேயே காதல் என்று ஆரம்பிக்கும் திரைக்கதைகள் தடுமாறுவது இதனால்தான்.

4 முதல் 12 வரை நேரம் பொருந்தாத கூத்துகள். 12 முதல் 15 வரை ஒரு பெரிய தவறல். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கிளம்பி வழியில் தவறவிடுவது இந்த வகைக் கதைகளில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. அதை உச்சக்காட்சியாக வைத்தால் பார்ப்பவர் ஐந்து நிமிடம் முன்பே ஊகித்துவிடுவார். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் இங்கே, நடுவில் போட்டுத் தீர்த்துவிடுங்கள். 15 முதல் 22 வரை மார்கழி. 22 முதல் 26 வரை பிளவு. மூன்றாமவர் வந்து மூட்டிவிட வேண்டாம், நாட்காட்டியிலிருந்தே பிளவு வரட்டும்: அவளுக்குப் பதவி உயர்வு, நிரந்தர இரவு ஷிப்ட்.

கடைசி 4 நிமிடத்துக்கு ஒரு யோசனை. பொங்கலன்று தாராவி 90 அடி சாலையில் வரிசையாகப் பானைகள் பொங்கும்போது சந்திப்பு, அதற்குப் பின் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போகும் ரயிலில் ஆர்.ஏ.சி. இருக்கை. பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இரண்டாக மடித்து எதிரெதிரே இருவர், கால் நீட்ட இடமில்லை. ஆறு மாதம் தூரத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இப்போது பக்கத்தில் இருப்பது இடிக்கிறது. "காலை எடுல", "நீ எடுட்டி" என்று முடிக்கலாம்.

படி 3: போன் காட்சியை எழுதும் முறை

"சாப்பிட்டியா, தூங்கினியா, மிஸ் பண்றேன்" என்று போகும் அழைப்புகளைத் திரையில் யாரும் இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் இரண்டு பக்கமும் கைக்கு ஒரு வேலை, பேச்சுக்கு ஒரு தடை இருக்க வேண்டும். ஒரு மாதிரிக் காட்சி:

உள். மருத்துவமனை வார்டு. இரவு.
அவள் (மூச்சுக் குரலில், ஊசி மருந்தைப் பார்த்தபடி): நாளைக்கு லீவு கெடைக்கல.
வெளி. கோயில் பந்தல். இரவு. பின்னால் மேளம்.
அவன் (ஒரு காதைப் பொத்திக்கொண்டு): லீவு கெடைச்சிட்டா?
அவள்: கெடைக்கல.
அவன்: கெடைச்சிட்டா!
அவன் துள்ளிக் குதிக்கிறான். இன்னொரு கையில் இருக்கும் மைக் ஆனில் இருக்கிறது.
அவன்: நாளைக்கு வாறா!
ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கரில்: நாளைக்கு வாறா... வாறா...
மேளம் நிற்கிறது. பந்தலில் அம்மா திரும்பிப் பார்க்கிறாள்.
அம்மா: யாருல வாறா?

இதில் சிரிப்பு மூன்று கட்டமாக ஏறுகிறது: தவறாகக் கேட்பது, அது உறுதியாவது, அது ஊருக்கே தெரிவது. கடைசி வரி அம்மாவுடையதாக இருப்பதால் அடுத்த காட்சிக்கும் தீனி கிடைக்கிறது. மேளம் நிற்பதை வெட்டிவிடாதீர்கள். அந்த ஒன்றரை நொடி நிசப்தம் இல்லாவிட்டால் அம்மாவின் வரி எடுபடாது. இன்னொன்று: மைக் அவன் கையில் இருப்பதை முந்தைய காட்சியிலேயே காட்டிவிட வேண்டும். புதிதாகக் காட்டினால் வசதிக்காக வைத்தது போலத் தெரியும்.

எழுதி முடித்ததும் எல்லா அழைப்புகளையும் எண்ணுங்கள். 30 நிமிடத்தில் 9 அழைப்பு போதும், ஒவ்வொன்றும் 90 நொடியைத் தாண்டக் கூடாது. இரண்டு அழைப்புகளில் ஒரே வகைத் தடை வந்தால் ஒன்றை நீக்குங்கள்.

படி 4: பேச்சு

தாராவித் தமிழும் நெல்லைத் தமிழும் ஒரே வேரில் வந்தவை. நெல்லையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள் தாராவியில் நிறைய. வீட்டில் ஆச்சி பேசிய பேச்சு அப்படியே நிற்க, வெளியே இந்தி ஒட்டிக்கொண்டிருக்கும். "அரே, ஜல்தி சொல்லு, ட்யூட்டிக்கு லேட் ஆகுது" என்று ஒரே மூச்சில் வருவது அவள் பேச்சு. "எப்பம் வருவ", "சொல்லுதேன்", "வந்தாவ", "போறாவ" என்பது அவன் பேச்சு. அவள் கோபத்தில் மட்டும் இந்தி கூடட்டும், கொஞ்சும்போது ஆச்சியின் சொற்கள் வரட்டும். நடிகை மும்பைத் தமிழச்சி இல்லை என்றால் இந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

அழைக்கும் விதத்திலேயே கதையைச் சொல்லலாம். தனியாக "ஏட்டி" என்பவன் அவள் அப்பா பக்கத்தில் இருப்பது தெரிந்ததும் "ஏங்க, சிஸ்டர்" என்று மாறுவான். தனியாக "ஏல" என்பவள் அவன் அம்மா போனை வாங்கினால் "நல்லா இருக்கியளா அத்தே" என்பாள். இந்த மாற்றம் வார்த்தையின் நடுவே நடக்கட்டும்: "ஏ... ங்க". நெல்லைக்காரர்கள் கைதட்டும் இடம் இது.

படி 5: ஒத்திகையும் பிளேட்டும்

பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல. படப்பிடிப்புக்கு முன் இருவரையும் ஒரே ஊருக்கு வரவழைத்து, ஒரே அறையில் இரண்டு நாள் ஒத்திகை பாருங்கள். லென்ஸ் வாடகையைக் குறைத்தாவது இந்த ரயில் டிக்கெட்டை எடுங்கள். ஒரு பி.என்.ஆரில் 6 பேர்தான் போட முடியும் என்பதால் குழுவுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

ஒத்திகையை முதுகோடு முதுகாக உட்கார வைத்து நடத்துங்கள். முகம் பார்த்துப் பேசினால் நடிகர்கள் கண்ணாலேயே பதில் சொல்லிப் பழகிவிடுவார்கள், தனித்தனியாக எடுக்கும்போது அந்தப் பதில் காணாமல் போகும். எல்லா அழைப்புகளையும் போனில் ஒலிப்பதிவு செய்து வையுங்கள். யார் எங்கே மூச்சு விட்டார், எங்கே குறுக்கிட்டார் என்பதற்கு அந்தப் பதிவுதான் பின்னால் அளவுகோல்.

அடுத்தது பிளேட், அதாவது வீடியோ காலில் அவள் போனில் தெரிய வேண்டிய அவன் முகம், அவன் போனில் தெரிய வேண்டிய அவள் முகம். மும்பைப் படப்பிடிப்பில் அவன் பிளேட் வேண்டும், அதை நெல்லையில் எடுக்க நினைத்தால் நெல்லைப் படப்பிடிப்பு இன்னும் நடந்திருக்காது. பலரும் இங்கேதான் சிக்குகிறார்கள். ஒத்திகை நாட்களிலேயே இரண்டு சுவர் மூலைகளைத் தயார் செய்து, இருவரின் பிளேட்டையும் போனின் முன்பக்கக் கேமராவில், நிமிர்த்திப் பிடித்து எடுத்துவிடுங்கள். உடை, தலைவாரல், பொட்டு, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் படம் எடுத்து எண் போட்டு வையுங்கள். ஒவ்வொரு பிளேட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் 10 நொடி பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எடிட்டருக்கு அந்த மௌனம்தான் அதிகம் தேவைப்படும்.

படி 6: போன் திரையைப் படம் பிடித்தல்

இங்கே நேரம் செலவழிக்கத் தயாராக வாருங்கள். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் டியூப் லைட் மினுக்காது. ஆனால் பெரும்பாலான போன் திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. 1/50 ஷட்டரில் அந்தத் திரையில் ஒரு பட்டை மெதுவாக ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ தெரியும். திரை ஷாட்டுக்கு மட்டும் ஷட்டரை 1/60 ஆக்குங்கள், ஷட்டரைக் கோணத்தில் காட்டும் கேமராவில் 25 ஃபிரேமுக்கு அது 150 டிகிரி. ஒவ்வொரு ஃபிரேமும் திரையின் ஒரு முழுச் சுற்றைச் சரியாக வாங்கிக்கொள்வதால் பட்டை நின்றுவிடும். இப்போது டியூப் லைட் மினுக்க ஆரம்பிக்கலாம், அதனால் அதை அணைத்துவிட்டு மினுக்காத எல்.இ.டி. பேனலால் ஒளி கொடுங்கள். 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் போன் என்றால் செட்டிங்கில் 60க்கு இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஓ.எல்.இ.டி. திரையில் வேறு ஒரு தொல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் திரை வேகமாக அணைந்து எரிந்துதான் மங்கலைக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத அது கேமராவில் வரிவரியாக விழும். வெளிச்சத்தை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு, அதிகம் என்றால் அறை ஒளியை உயர்த்துங்கள். லென்ஸில் போலரைசர் (கண்ணாடிப் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) இருந்தால் கழற்றிவிடுங்கள். சில கோணத்தில் போன் திரை முழுக்கக் கறுத்துவிடும்.

ஒவ்வொரு திரை ஷாட்டுக்கும் முன் உதவியாளர் பார்க்க வேண்டியவை: விமானப் பயன்முறை, தானியங்கி வெளிச்சம் ஆஃப், இரவு மஞ்சள் ஒளி ஆஃப், திரை அணையும் நேரம் 30 நிமிடம், சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல், கீறல் விழுந்த டெம்பர்ட் கிளாஸ் நீக்கம், துணியால் துடைப்பு. மேலே தெரியும் கடிகாரம் காட்சியின் நேரத்தோடு பொருந்த வேண்டும். இரவு 2 மணிக் காட்சியில் போன் பகல் 11:40 காட்டினால், நேரத்தை வைத்தே நடக்கும் படத்தில் அது பெரிய ஓட்டை.

உண்மையான அரட்டைச் செயலியைத் திறந்து எடுக்க வேண்டாம். அதே மாதிரித் தோற்றத்தில், வேறு நிறத்தில், ஒரு அரட்டைத் திரையை வரைந்து வீடியோவாக்கி, கேலரியில் முழுத்திரையாக ஓடவிடுங்கள். நேரம் ஒவ்வொரு டேக்கிலும் ஒன்றாக இருக்கும், லோகோ அனுமதித் தலைவலியும் இல்லை. பத்து இலக்க எண்ணை எங்கேயும் காட்டாதீர்கள். எழுதிப் போடும் எந்த எண்ணும் யாராவது ஒருவருடையதாக இருக்கும். பெயர் மட்டும் போதும், அந்தப் பெயரிலும் விளையாடலாம்: அவள் அவனைச் சேமித்திருப்பது "சவுண்டு சர்வீஸ்", அவன் அவளைச் சேமித்திருப்பது "பம்பாய் ஆம்ப்ளிஃபயர்".

முகத்தில் விழும் போன் வெளிச்சத்தைப் போனே தராது, அது போதவே போதாது. லென்ஸுக்குக் கீழே ஒரு டேப்லெட்டில் வெள்ளைப் படத்தை வைத்து முகத்துக்குத் திருப்புங்கள். மென்மையான, நம்பும்படியான ஒளி. செய்தி வரும் கணத்தில் வெள்ளையிலிருந்து இளநீலத்துக்குப் படத்தை மாற்றினால், திரையைக் காட்டாமலே செய்தி வந்தது புரியும்.

படி 7: பார்வைக்கோடு

அவள் எப்போதும் ஃபிரேமின் வலப்பக்கம் பார்த்துப் பேச வேண்டும், அவன் இடப்பக்கம். இரண்டு ஊரில் எடுத்தாலும் வெட்டிச் சேர்க்கும்போது எதிரெதிரே நிற்பது போல இருக்கும். பிளவு வரும் அந்த 4 நிமிடத்தில் மட்டும் இருவரையும் ஒரே பக்கம் பார்க்க வையுங்கள். காரணம் சொல்லத் தெரியாமலே பார்ப்பவருக்கு ஏதோ முறிந்தது போலத் தோன்றும். மும்பைக் குழுவும் நெல்லைக் குழுவும் வேறு வேறு ஆட்கள் என்றால் இதைக் காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிடுங்கள். வாய்ச்சொல்லில் இடமும் வலமும் மாறிப்போகும்.

திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் அதை முன்பே முடிவு செய்யுங்கள். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9 ஆன ஃபிரேமைப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் உயரத்தைவிட அகலம் குறைந்த 0.89:1, நிற்கும் ஆளுக்குச் சரி, இரண்டு பேர் இருக்கும் ஷாட்டுக்கு இடமில்லை. 2.39:1 என்றால் பாதி 1.2:1 கிட்டத்தட்டச் சதுரம், முகத்துக்கு அழகாகப் பொருந்தும். கேமரா உயரம், லென்ஸ், தலைக்கு மேல் விடும் இடம் மூன்றும் இரண்டு ஊரிலும் ஒன்றாக இருக்க வேண்டும், சென்டிமீட்டரில் எழுதி வையுங்கள். 30 நிமிடத்தில் இரண்டு முறைக்கு மேல் பிரிக்காதீர்கள்.

படி 8: இடமும் அனுமதியும்

மும்பையில் பொது இடப் படப்பிடிப்புக்கு மகாராஷ்டிரா திரைப்பட, நாடக, கலாச்சார வளர்ச்சிக் கழகத்தின் ஒற்றைச் சாளர முறை இருக்கிறது, அலுவலகம் கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில். ரயில் நிலையத்துக்கும் வண்டிக்கும் ரயில்வேயிடம் தனி அனுமதியும் கட்டணமும் வேண்டும், சிறு படத்துக்கு அது பெரிய சுமை. பிளாட்பாரக் காட்சியை ஒலியாலும் போன் திரையாலும் எழுதிவிடுவது நல்லது. தாராவி, குர்லாப் பகுதிகள் விமான நிலையத்தை ஒட்டியவை, ட்ரோன் யோசனை வேண்டாம்.

தாராவியில் எடுக்கும்போது சந்துகளின் நெரிசலைக் காட்டிப் பரிதாபம் தேடாதீர்கள். அவள் வீட்டில் மேல்மாடி அறை, இரும்பு ஏணி, ஜன்னலில் துளசித் தொட்டி, கீழே மாவரைக்கும் கடை என்று அவளுக்குப் பிடித்த இடமாகவே காட்டுங்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பொங்கலன்று 90 அடி சாலையில் எடுப்பதானால் அந்தப் பகுதிச் சங்கத்தாரை ஒரு மாதம் முன்பே பாருங்கள். அன்று ஒரே நாள், ஒரே விடியல். இரண்டு கேமரா, இரண்டு குழு இல்லாமல் இறங்காதீர்கள். பானை பொங்குவது காத்திருக்காது.

ஆர்.ஏ.சி. இருக்கையைச் செட்டாகப் போட்டுவிடலாம். 6 அடி நீளம், 2 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், பிளைவுட் பெட்டி, மேலே நீல ரெக்சின், பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல் சட்டம், தலைக்கு மேல் இன்னொரு பலகை. வெளியே ஒரு விளக்கின் முன் அட்டையை மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை குறுக்கே இழுத்தால் இரவில் நிலையம் தாண்டும் ஒளி. கேமரா ஸ்டாண்டின் ஒரு காலைக் கையால் லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். பெட்டியையும் ஒருவர் அசைக்க வேண்டும், கேமரா மட்டும் ஆடினால் நிலநடுக்கம் போல இருக்கும்.

படி 9: ஒலி

நடிகர்களுக்குச் சட்டை மைக், தனி ரிகார்டர், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று 60 நொடி வெறும் அறையொலி எடுங்கள். மும்பையில் விமானமும் லோக்கல் ரயிலும் குக்கர் விசிலும் வசனத்தின் நடுவே வந்தே தீரும். அவற்றைத் தனியாகவும் பதிவு செய்து வைத்தால் பிறகு நீங்கள் விரும்பும் இடத்தில் வைக்கலாம். முக்கியமான ஒரு சொல் விமானச் சத்தத்தில் அமுங்குவது நல்ல நகைச்சுவை. எங்கே அமுங்க வேண்டும் என்று முடிவு செய்வது நீங்களாக இருக்க வேண்டும்.

போன் குரலுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள், பழைய தொலைபேசியின் அளவு அது. 4ஜி வோல்டி அழைப்பில் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை வரும், அதனால் இன்றைய காதுக்கு மெல்லிய குரல் பழசாகத் தோன்றலாம். ஒரு நல்ல வழி: முதல் அழைப்புகளில் குறுகலாக வைத்து, மார்கழிக்கு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள். நெருக்கம் காதில் ஏறும்.

"நாளைக்கு வாறா" வரியைப் படப்பிடிப்பில் ஸ்பீக்கரில் விடாதீர்கள். பொது இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, அதோடு அந்தச் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறி வசனத்தைக் கெடுத்துவிடும். சுத்தமாகப் பதிவு செய்து, மறுநாள் பகலில் ஊருக்கு வெளியே குழாய் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, 50 அடி தள்ளி நின்று மறுபடி பதிவு செய்யுங்கள். கணினியில் போடும் எதிரொலி அந்தக் கூம்பின் கரகரப்பைத் தராது.

மைக் செட் என்றால் சினிமாப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். உரிமை வாங்காமல் ஒரு வரிகூடப் போட முடியாது, ரிங்டோனுக்கும் அதே கதை. அதற்குப் பதில் நெல்லைப் பக்கத்து வில்லுப்பாட்டுக் குழு ஒன்றிடம் பேசி, சம்பளம் கொடுத்து, எழுத்தில் உரிமை வாங்கி, உங்களுக்கென்று பாட வையுங்கள். "ஆமாம்" போடும் பின்பாட்டுக்காரர் இருவரின் சண்டைக்கும் சாட்சியாகிவிடுவார்.

படி 10: வெட்டும்போது

போன் உரையாடலை எழுதிய வரிசைப்படி இப்பக்கம் ஒரு வரி, அப்பக்கம் ஒரு வரி என்று வெட்டினால் டென்னிஸ் பார்ப்பது போலக் கழுத்து வலிக்கும். கேட்பவர் முகத்தில் நில்லுங்கள். சிரிப்பு கேட்கும் முகத்தில்தான் இருக்கிறது. தனித்தனியாக எடுத்ததால் வரிகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கும், ஒத்திகைப் பதிவை அடியில் போட்டு அந்த அளவுக்கு இறுக்குங்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் ஒருவர் வரியில் மற்றவர் ஏறாமல் பேசியிருந்தால்தான் இது முடியும். குறுக்கிடுவதை இங்கே உண்டாக்கிக்கொள்ளலாம்.

திரையில் வரும் செய்தி, அதை வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் நிற்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கிறதா என்பதைக் கணினியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 6 அங்குலப் போனில், கை நீட்டும் தூரத்தில் பாருங்கள். பக்கத்து வீட்டு மராத்தி, இந்தி நண்பர்களும் பார்க்க வேண்டுமென்றால் சப்டைட்டில் வேண்டும். அதற்காக ஃபிரேமின் அடி ஐந்தில் ஒரு பங்கில் அரட்டைக் குமிழி எதுவும் வைக்காதீர்கள்.

யூடியூப் சத்தத்தை –14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும். கொடைக் காட்சியை அதற்கு மேல் ஏற்றி வைத்தால் முழுப் படமும் அமுங்கி, வார்டில் அவள் பேசும் மூச்சுக்குரல் கேட்காமல் போகும். மொத்தக் கலவையை அந்த அளவில் முடித்துவிட்டு, மூச்சுக்குரலைப் பேருந்துச் சத்தத்தின் நடுவே ஹெட்போன் இல்லாமல் கேட்டுச் சரிபாருங்கள்.

யூடியூபில் போட தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்ட அந்தச் சான்றிதழ் வேண்டும், 2024 விதிகளின்படி யு.ஏ. பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது.

வெளியிடும் முன் படத்தை அறியாத பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஐந்து பேர் தாராவியில், ஐந்து பேர் நெல்லையில். படத்தைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே படம் பிடியுங்கள். தாராவியில் மட்டும் சிரித்த இடம், நெல்லையில் மட்டும் சிரித்த இடம் என்று இரண்டு பட்டியல் கிடைக்கும், அவற்றை அப்படியே விட்டுவிடலாம். இரண்டிலும் சிரிக்காத இடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய 20 நொடியைத் திரும்ப வெட்டுங்கள். கோளாறு பெரும்பாலும் சிரிப்பு வரியில் இருக்காது, யாருக்கு எந்த நேரம் என்பதை அதற்கு முன்னால் சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கும்.